காரின் எண்ணெயைச் சரியாகப் பார்ப்பது எப்படி?



ரெங்கம் வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் கார் என்றால் அது துரையின் கார். 1985இல் புரோட்டோன் சாகாவும் 1994இல் பெரோடுவா கஞ்சிலும் வந்த பிறகு நிலைமை மெல்ல மாறியது. இன்று லயத்து வாசலில் பழைய கஞ்சில் ஒன்று நின்றால் யாரும் வியப்பதில்லை. நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் குளுவாங் மருத்துவமனைக்கு ஓட அந்தக் கார்தான் துணை. எண்ணெய் வற்றி அதன் எஞ்சின் இறுகிப்போனால், சீர்செய்யப் பல மாதச் சம்பளம் போய்விடும். எண்ணெயைப் பார்க்கவோ ஒரு பழைய துணி போதும்.

மின்யாக் ஈத்தாம் என்று நாம் சொல்லும் அந்த எண்ணெய், எஞ்சினின் அடித்தொட்டியில் தங்கியிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஒரு பம்பு அதை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. இரும்போடு இரும்பு உரசாமல் அது நடுவே படலமாக நின்று, சூட்டையும் வாங்கிக்கொண்டு, மறுபடி தொட்டிக்கு வடிகிறது. இந்த வடிதலை நினைவில் வைத்தால் மற்றவை எளிதில் விளங்கும்.

எஞ்சினை நிறுத்திய கையோடு பார்த்தால் எண்ணெயில் ஒரு பகுதி இன்னும் மேலேயே இருக்கும். அளவு குறைவாகத் தெரியும். ஆகவே ஐந்து, பத்து நிமிடம் பொறுத்திருங்கள். காரோடு வந்த கையேடு வேறு விதமாகச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள். கையேடு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்குமாதலால், படிக்கும் பிள்ளையை அழைத்து வாசிக்கச் சொல்லலாம். அதற்கும் ஒரு பாடமாகும்.

தண்ணீர் மட்டம் தேடும் என்று வகுப்பில் நாம் சொல்லிக்கொடுக்கிறோம். எண்ணெயும் அப்படித்தான். சாய்த்து வைத்த பால் வாளியில் அளவு பார்த்தால் சரியாக இருக்குமா? நம் தோட்டச் சாலைகளோ மேடும் பள்ளமும். மட்டமான இடமாகத் தேடிக் காரை நிறுத்துங்கள்.

பானட்டைத் திறந்ததும் எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுங்கள். ஆட்டோ கியர் காரானால் கியர் எண்ணெய்க்கும் ஒரு கம்பி இருக்கலாம். மாற்றிப் பிடித்துவிட வேண்டாம். முதல் முறை இழுத்ததும் தெரியும் அளவை நம்பக்கூடாது. ஓட்டத்தில் சிதறிய எண்ணெய் கம்பி நெடுக ஒட்டியிருக்கும். நூல் உதிராத துணியால், பழைய கைலித் துணி நல்லது, துடைத்து, அடிவரை செருகி, மீண்டும் இழுத்து இரு பக்கமும் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் குறைந்ததையே கணக்கில் கொள்ள வேண்டும்.

மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் இடையே எங்கிருந்தாலும் போதும். சிலருக்கு மேல் குறியைத் தாண்டினால்தான் மனம் ஆறுகிறது! இது குழம்புக்கு ஊற்றும் எண்ணெய் அல்லவே. மிகுந்தால் சுழலும் தண்டு எண்ணெயில் அடித்து நுரையாக்கிவிடும். நுரையில் காற்று கலந்திருப்பதால் பம்பு வேண்டிய அழுத்தத்தைத் தர முடியாது. குறைந்திருந்தால், கையேட்டில் குறித்த வகை எண்ணெயைக் கால் லிட்டர் அளவில் ஊற்றி, சற்றுப் பொறுத்து, மறுபடி பாருங்கள்.

எண்ணெய் கறுத்திருப்பதை மட்டும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பால் தேநீரைப் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். அப்போது காரைக் கிளப்பாமல் பட்டறைக்காரரை அழைக்க வேண்டும்.

‘சிவப்பு விளக்கு எரியவில்லையே’ என்று இருந்துவிடுவோர் பலர். பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு காட்டுவது எண்ணெயின் அழுத்தத்தை, அளவை அல்ல. ஓடும்போது அது எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். பழைய காருக்கு வாரம் ஒருமுறையும், பத்துமலைத் தைப்பூசம் போன்ற நெடும் பயணத்திற்கு முன்னும் கம்பியை இழுத்துப் பார்ப்பது நல்லது.

கார் இல்லாத வீட்டிலும் கப்சாய் இருக்குமே! ஹோண்டா கப் வகை மோட்டார் சைக்கிளை நடுத் தாங்கியில் நேராக நிறுத்துங்கள். கம்பியைத் துடைத்தபின், மூடியைத் திருகாமல் வெறுமே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் இருப்பதே ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய் என்பதால் சிறிது குறைந்தாலும் எஞ்சினுக்கு ஆபத்துதான்.