பிக்அப் மாற்றும் முன் கழுத்தைப் பாருங்கள்
இளையராஜா பாடல்களில் தனி மெட்டாகவே நடக்கும் பேஸ் கிட்டாரைக் கேட்டு அதை வாங்குபவர்கள், கம்பி கரகரத்தால் உடனே ஒலியை எடுத்துக்கொடுக்கும் பிக்அப்பை மாற்றப் பார்க்கிறார்கள். குறை பெரும்பாலும் கழுத்தில்தான். நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ விசையோடு அதை இழுக்கின்றன. உள்ளே எதிர்த்து நிற்பது டிரஸ் ராட் என்ற எஃகுத் தண்டு. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தின் கடலோரக் காற்றில் ஐப்பசி அடைமழைக்கு ஈரம் கூடினால் மரம் அசையும், சமநிலை குலையும். தொழிற்சாலையில் சரிபார்த்துத்தானே அனுப்புகிறார்கள் என்பார்கள். உண்மைதான், ஆனால் தொழிற்சாலை இருக்கும் ஊரின் காற்று வேறு. எவ்வளவு விலை உயர்ந்த பிக்அப்பும் ஃபிரெட்டில் இடிக்கும் கம்பியின் இரைச்சலைச் சேர்த்தேதான் எடுத்துக்கொடுக்கும். கழுத்தைச் சோதிக்க, கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். நடுவே கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். இல்லையென்றால் டிரஸ் ராட்டைச் சாவியால் திருப்புங்கள், ஆனால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.