களைப்பை மறைக்கும் பானம்

நாளைக் காலை கணிதத் தேர்வு. இப்போது இரவு மணி பத்து. பாடத்தில் பாதிகூட முடியவில்லை. ‘இதைக் குடி, விடிய விடியப் படிக்கலாம்’ என்று நண்பன் ஒருவன் பளபளக்கும் அலுமினிய டப்பா ஒன்றை உங்களிடம் நீட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம்.

குடிக்குமுன் அந்த டப்பாவைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டில் விற்பதானால் பின்புறத்தில் சிறிய எழுத்துகளில் ஓர் எச்சரிக்கை இருக்கும். குழந்தைகளுக்கும், கருவுற்ற பெண்களுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் இப்பானம் உகந்ததன்று என்றும், நாளொன்றுக்கு 500 மில்லிலிட்டருக்கு மேல் அருந்தலாகாது என்றும் அதில் காணலாம். விளம்பரமோ ஆற்றலைப் பற்றி மட்டுமே பேசும்.

ஆற்றல் உண்மையிலேயே அதில் இருக்கிறதா? 250 மில்லிலிட்டர் டப்பா ஒன்றில் சுமார் 27 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு கிராம் சர்க்கரை 4 கிலோ கலோரி தரும் என்று படித்திருப்பீர்கள். எனவே மொத்தம் 108 கிலோ கலோரி. இரண்டு மூன்று இட்லி தின்றாலும் இவ்வளவு கிடைத்துவிடும்! இதே பானம் சர்க்கரை இல்லாமலும் விற்பனைக்கு வருகிறது. அதில் கலோரி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆயினும் அதைக் குடித்தவருக்கும் அதே விழிப்பு உண்டாகிறது. ஆகவே, அந்த விழிப்பைத் தருவது சர்க்கரையன்று என்பது தெளிவு.

‘டாரின்’ என்று ஒரு பெயரும் டப்பாவில் இருக்கும். 1827-ஆம் ஆண்டில் எருதின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால், எருதைக் குறிக்கும் லத்தீன் சொல்லே அதற்குப் பெயராயிற்று. எருதின் வலிமை அதில் உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். நம் உடலே அதைத் தயாரித்துக்கொள்கிறது.

விழிப்பைத் தரும் பொருள் காஃபீன். 1819-இல் ஜெர்மானியக் கவிஞர் கெதே, ரூங்கே என்னும் 25 வயது வேதியியலாளரிடம் சில காப்பிக் கொட்டைகளைக் கொடுத்து, ஆராய்ந்து பார்க்கும்படி சொன்னார். அவற்றிலிருந்து ரூங்கே பிரித்தெடுத்த வெண்ணிறப் பொருளே காஃபீன்.

அது எப்படி வேலை செய்கிறது? நம் உயிரணுக்களுக்கு எரிபொருள் போல் உதவுவது அடினோசின் டிரை பாஸ்பேட். மூளை விழித்து உழைக்கும்போது அது சிதைந்து, அடினோசின் சிறிது சிறிதாகச் சேர்கிறது. அடுப்பு எரிய எரியச் சாம்பல் சேர்வதைப் போல என்று கொள்ளுங்கள். நரம்பணுக்களின் மேல் இந்த அடினோசினுக்கென்றே ஏற்பிகள் உள்ளன. பூட்டில் சாவி பொருந்துவதைப் போல் அது அவற்றில் பொருந்தியதும் நரம்பணுக்களின் வேகம் குறைகிறது. நமக்குக் கொட்டாவி வருகிறது.

காஃபீனின் மூலக்கூறு அமைப்பில் அடினோசினை ஒத்தது. அதனால் அது அதே பூட்டுகளில் முந்திக்கொண்டு நுழைந்துவிடும். ஆனால் பூட்டைத் திறக்காது, அடைத்துக்கொண்டு நிற்கும். அடினோசினோ வெளியே சேர்ந்துகொண்டே இருக்கும். களைப்பு தீரவில்லை, களைப்புச் செய்தி மூளைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். காஃபீன் விலகியதும், காத்திருந்த அடினோசின் மொத்தமும் ஏற்பிகளைப் பற்றிக்கொள்கிறது.

காஃபீன் எப்போது விலகும்? கதிரியக்கப் பாடத்தில் வரும் ‘அரை ஆயுட்காலம்’ நினைவிருக்கிறதா? இரத்தத்திலுள்ள காஃபீன் பாதியாகக் குறைய வளர்ந்தவர்களுக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகிறது. ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். இரவு 10 மணிக்கு 80 மில்லிகிராம் உட்கொண்டால், 3 மணிக்கு 40, காலை 8 மணிக்கு 20. நள்ளிரவுக்குப் பின் 2 மணிக்குப் புத்தகத்தை மூடிப் படுத்தாலும் சுமார் 46 மில்லிகிராம் உடலில் உலவிக்கொண்டிருக்கும். தூக்கம் வரத் தாமதமாகும், வந்தாலும் ஆழ்ந்திராது. பகலில் படித்தவற்றை மூளை நிலைப்படுத்துவதோ அந்த ஆழ்ந்த தூக்கத்தில்தான். எந்தத் தேர்வுக்காகக் கண் விழித்தீர்களோ, அந்தத் தேர்வுக்கே இது இழப்பு.

அடினோசினுக்கு இதயத்திலும் வேலை உண்டு. துடிப்பின் வேகத்தை அது தணிக்கிறது. காஃபீன் அதைத் தடுப்பதோடு அட்ரினலின் சுரப்பையும் தூண்டுகிறது. மிகுதியானால் படபடப்பு, கை நடுக்கம், காரணமற்ற பதற்றம், வாந்தி ஆகியவை தோன்றும். பிறவியிலேயே இதயத் துடிப்பின் ஒழுங்கில் குறை உள்ளவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படியொரு குறை இருப்பதைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள் என்பதுதான் அச்சத்துக்குரியது.

‘காப்பியிலும் காஃபீன் உண்டே?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஒரு சிறிய டப்பாவில் இருப்பதும் ஒரு கோப்பைக் காப்பியில் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் சூடான காப்பியை ஊதி ஊதித்தான் குடிக்க முடியும். இதுவோ குளிர்ச்சியும் இனிப்புமாக, தாகத்துக்குத் தண்ணீர்போல் மடமடவென்று இறங்கிவிடும். ஒன்று முடிந்ததும் இன்னொன்று கேட்கும்.

இளையோர் உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் ஒரு நாளில் காஃபீன் கொள்ளலாகாது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் குறித்த அளவு. 45 கிலோ எடையுள்ள மாணவருக்கு இது 135 மில்லிகிராம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் காஃபீன் உள்ள பானத்தில் 500 மில்லிலிட்டர் குடித்தால் 150 மில்லிகிராம்! டப்பாவில் அச்சிட்ட உச்ச அளவே அவருக்கு மிகையாகிவிடுகிறது. காலையில் வீட்டில் குடித்த காப்பி இந்தக் கணக்கில் சேரவில்லை. உங்கள் எடைக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011-லேயே, சிறுவர் உணவில் இப்பானங்களுக்கு இடமில்லை என்று கூறிவிட்டது. 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதை லித்துவேனியா 2014-லும், போலந்து 2024-லும் சட்டத்தால் தடுத்தன.

ஏற்கெனவே பழகிவிட்டவர்களுக்கு ஒரு சொல். நாள்தோறும் காஃபீன் வந்தால், உடல் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கும். திடீரென்று நிறுத்தினால் தலைவலியும் எரிச்சலும் சில நாள் வாட்டும். அது நோயன்று. அளவை ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தால் அத்தனை வருத்தம் இராது. ஆனால் குடித்தபின் நெஞ்சு வலித்தாலோ, துடிப்பு தாறுமாறானாலோ, மயக்கம் வந்தாலோ, தேர்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; உடனே வீட்டாரிடம் சொல்லி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எதைக் குடித்தீர்கள், எத்தனை டப்பா என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.