பழைய கணினியைத் தூக்கிப் போடலாமா? செடெனாக் தரவு மையங்களுக்கும் உங்கள் ரேமுக்கும் என்ன சம்பந்தம்?

ஜொகூர் பாருவிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே வந்தால், கூலாயைத் தாண்டியதும் செடெனாக். செம்பனைத் தோட்டத்துக்குப் பேர் போன இந்த ஊரில் இப்போது ‘செடெனாக் டெக் பார்க்’ இருக்கிறது. அங்குள்ள தரவு மையங்களில் பிரின்ஸ்டன் டிஜிட்டல் குரூப்பின் வளாகம் ஒன்றுக்கு மட்டும் 150 மெகாவாட் மின்திறன் திட்டமிடப்பட்டது.

அந்தப் பக்கம் உலகின் புத்தம்புது சிப்புகள். இந்தப் பக்கம் உங்கள் வீட்டு ஹாலில், 2015-இல் வாங்கிய மடிக்கணினி. ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஒரு கோப்பி கலக்கி வரலாம், அவ்வளவு ஸ்லோ. இரண்டுக்கும் தொடர்பு உண்டு, அது உங்கள் பாக்கெட்டைத் தொடுகிறது.

ரேம் ஏன் விலை ஏறியது?

உலகின் பெரும்பகுதி ரேம் சிப்புகளைச் செய்வது மூன்றே நிறுவனங்கள்: சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான். செயற்கை நுண்ணறிவுச் சிப்புகளுக்கு எச்.பி.எம். என்ற தனி வகை நினைவகம் வேண்டும். அதே கொள்ளளவுள்ள சாதா ரேமைவிட இதற்கு ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கான் தேவை. தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் சாய்ந்ததால், 2025 கடைசியில் சில ரேம் வகைகளின் விலை இரண்டு மடங்கையும் தாண்டியது. அந்த டிசம்பரில், வீட்டுக் கணினிகளுக்கான ‘குரூஷியல்’ பிராண்டையே நிறுத்தப் போவதாக மைக்ரான் அறிவித்தது.

அதனால் ‘ஸ்லோவா இருக்கா, ரேம் போடு’ என்ற பழைய அறிவுரையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் நோயைப் பாருங்கள்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ‘டிஸ்க்’ எப்போதும் 100 விழுக்காட்டில் நிற்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் பிரச்சினை ஹார்டு டிஸ்க்தான். உள்ளே ஒரு தட்டு, பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. ஒரு முள் அங்குமிங்கும் ஓடி ஒவ்வொரு கோப்பாகத் தேடுகிறது. ஒரு தேடலுக்கு 15 மில்லிவினாடி என்று வைத்தாலும், நொடிக்கு அறுபது எழுபது கோப்புதான். விண்டோஸ் எழுந்திருக்க ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் படிக்க வேண்டும். பாவம், அது என்ன செய்யும்?

எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகமே இல்லை. நொடிக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துவிடும். எஸ்.எஸ்.டி. விலையும் ஏறித்தான் இருக்கிறது. ஆனால் 240 அல்லது 256 ஜிபி போதும், படமும் வீடியோவும் பழைய டிஸ்கிலேயே கிடக்கட்டும். ஒரு யு.எஸ்.பி. பெட்டியில் போட்டால் அது வெளி டிஸ்க் ஆகிவிடும். ஒரே ஒரு செலவுதான் முடியும் என்றால் இதைத்தான் செய்யுங்கள். சில மலிவு மடிக்கணினிகளில் மட்டும் சேமிப்பகம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், அதைக் கழற்ற முடியாது. வாங்குவதற்கு முன் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

ரேம் 4 ஜிபிதான் என்றால் 8 ஆக்குவது நல்லது. ஆனால் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. கெட்டுப்போன மடிக்கணினியில் இருந்து கழற்றிய ரேமை ரிப்பேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். டி.டி.ஆர்.3 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது, கையோடு பழையதை எடுத்துப் போங்கள். பத்து வருட மடிக்கணினிக்கு ப்ராசசர், கிராஃபிக்ஸ் மாற்றும் பேச்சே வேண்டாம். அது காசுக்குக் கேடு.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டதே?

ஆம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றது. கணினி ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது. அதே கணினியில்தான் அம்மா இணைய வங்கிக் கணக்கையும் திறக்கிறார் என்றால், இது விளையாட்டு இல்லை. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டி.பி.எம். 2.0 வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை ப்ராசசராவது வேண்டும். 2015 மெஷினுக்கு வாய்ப்பில்லை. குறுக்கு வழியில் ஏற்றும் வீடியோக்கள் நிறைய உண்டு. மைக்ரோசாஃப்ட் அதைப் பரிந்துரைப்பதில்லை. வீட்டுக்கே ஒரு கணினி என்றால் நீங்களும் அந்த விஷப்பரீட்சையில் இறங்க வேண்டாம்.

கொஞ்சம் அவகாசம் வேண்டுமா? மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைக் காசு கட்டாமலே பெற ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு? லினக்ஸ் மின்ட். இலவசம். 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பழைய மெஷினுக்கு அதில் ‘எக்ஸ்.எஃப்.சி.இ.’ வகையை எடுங்கள். பென்டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஸ்பீக்கர், கேமரா மூன்றும் வேலை செய்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸ், வி.எல்.சி., லிப்ரே ஆபிஸ் இருந்தால் வீட்டு வேலை ஓடிவிடும். கல்வி அமைச்சின் டெலிமா தளம் உலாவியிலேயே திறக்கும். விளம்பரங்களைத் தடுக்கும் ‘யு பிளாக் ஒரிஜின்’ போட்டால் பழைய கணினிக்கு மூச்சு வாங்காது. தமிழில் தட்டச்ச, ‘ஐபஸ்’ உள்ளீட்டில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல் இரண்டும் கிடைக்கும்.

குறையும் சொல்ல வேண்டும். வேர்ட் கோப்பை லிப்ரே ஆபிஸில் திறந்தால் சில நேரம் பக்க அமைப்பு கலையும். அசைன்மென்ட்டை பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள். வாலரண்ட் ஆடுகிறவர்களுக்கு லினக்ஸ் சரிப்படாது, அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் அங்கே ஓடாது.

எது செய்தாலும் படங்களை முதலில் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். கடைசியில் தூக்கிப் போடத்தான் வேண்டும் என்று முடிவானால், குப்பைத் தொட்டியில் வேண்டாம். மலேசியச் சட்டப்படி மின்கழிவு எஸ்.டபிள்யூ. 110 என்ற குறியீட்டில் வரும் அட்டவணைக் கழிவு, அதற்கென்று உள்ள சேகரிப்பு இடத்தில் கொடுங்கள். கொடுக்கும் முன் டிஸ்கைக் கழற்றிக்கொள்ளுங்கள்.