உடம்பும் ஒரு முதல்தான்!
டிரையத்லான் பயிற்சியில் இறங்கும் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

காதர்பேட்டையில் காலையில் கடை திறந்தால் இரவு வரை நின்ற நிலைதான். பனியன் கம்பெனி நடத்துவோருக்கோ ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் இரவும் பகலே. இத்தனைக்கும் நடுவே நம் வணிகப் பெருமக்கள் சிலர் விடியற்காலையில் ஓடுவதும் சைக்கிள் மிதிப்பதும் பாராட்டுக்குரியது. அதற்கும் ஒரு படி மேலே போய் டிரையத்லான் போட்டியில் கலந்துகொள்ள விரும்புவோரும் உண்டு. ஆசை நல்லதே. ஆனால் காலை உடைத்துக்கொண்டு கடையை மூடும் நிலை வரக்கூடாதல்லவா? ஆகவே சில விவரங்களைக் காண்போம்.

போட்டி என்பது என்ன?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவிடாமல் ஒரே மூச்சில் முடிப்பதே டிரையத்லான். 'அயர்ன்மேன்' எனும் நெடுந்தூரப் போட்டி 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயில் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் முன்னின்று நடத்தினார். 15 பேர் இறங்கினர். 12 பேர் முடித்தனர். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கே 11 மணி 46 நிமிடம் ஆயிற்று. தூரம் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம்.

இதில் சரிபாதி 1.9, 90, 21.1 கி.மீ. மொத்தம் 113 கி.மீ. மைல் கணக்கில் 70.3 என்பதால் 'அயர்ன்மேன் 70.3' என்று பெயர். நம் நாட்டில் இது 2019-ல் கோவாவில் முதன்முறையாக நடைபெற்றது. நம் பக்கத்தவர் பலருக்கும் இலக்கு இதுதான்.

மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

காயம் ஏன் வருகிறது? பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் இதயமும் நுரையீரலும் பழகிவிடும். எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் நாணும் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். நெஞ்சு 'ஓடு' என்கிறது. குதிகால் 'பொறு' என்கிறது. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான காயங்கள் பிறக்கின்றன. ஒரு சீசன் நன்றாக ஓடியதென்று கடன் வாங்கிப் பத்து மெஷின் இறக்குபவர் அடுத்த சீசனில் படும் பாடு நமக்குத் தெரியாததா? உடம்பின் கணக்கும் அதேதான்.

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஓட்டத் தூரத்தைக் கூட்ட வேண்டாம் என்பது பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைத்து உடம்புக்கு ஓய்வு தர வேண்டும். வாரம் இருமுறை தொடை, இடுப்பு, தோள் வலுப்பெறும் பயிற்சி அவசியம்.

நம் ஊருக்கு ஏற்றபடி

நாளெல்லாம் கடையில் நிற்பவருக்குக் குதிகால் ஏற்கெனவே களைத்திருக்கும். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்தினால் அன்று ஓட்டத்தை விட்டு நீந்தலாம். ஷிப்மென்டுக்காக இரவு கண்விழித்திருந்தால் மறுநாள் காலை தூக்கமே பயிற்சி.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று வீசும். பல்லடம்–உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளே அதற்குச் சாட்சி. எதிர்காற்றில் கடினமான கியரில் அழுத்தி மிதித்தால் முழங்காலுக்குக் கேடு. இலேசான கியரில் போக வேண்டும். தெம்பு இருக்கும்போது காற்றை எதிர்த்துப் போய், களைத்துத் திரும்பும்போது காற்றோடு வருவது நலம். பெடல் அடியில் இருக்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்திக்கொள்ளவும்.

நீச்சலில் தோள்வலி வருவது பெரும்பாலும் முறை தவறுவதால்தான். ஆசிரியரிடம் கற்பதே சிக்கனம். பயிற்சி என்று சொல்லிப் பி.ஏ.பி. வாய்க்காலில் இறங்க வேண்டாம். நீரோட்டம் ஆளை இழுத்துவிடும்.

தீபாவளி வியாபாரமும் போட்டியும்

கோவா போட்டி இதுவரை அக்டோபர், நவம்பரில்தான் நடந்திருக்கிறது. அதாவது பயிற்சி உச்சத்தில் இருக்கும் வாரங்களும், தீபாவளிச் சரக்கு லாரி ஆபீசுக்குப் போகும் வாரங்களும் ஒன்றே. இரண்டு பாரத்தையும் ஒரே தோளில் ஏற்றினால் ஏதேனும் ஒன்று முறியும். சித்திரையிலேயே மெல்லத் தொடங்கி, நீண்ட தூரப் பயிற்சிகளை ஆவணிக்குள் பெரும்பாலும் முடித்துவிடுவது நம் தொழிலுக்கு ஒத்துவரும். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் எல்லாருமே பயிற்சியைக் குறைக்கத்தான் வேண்டும்.

இவை மறக்கலாகாது

• நாற்பதைத் தாண்டியவர்கள் தொடங்குமுன் இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயப் பரிசோதனை செய்துகொள்ளவும்.

• நொண்டி ஓட வைக்கும் வலி, எலும்பில் ஒரே இடத்தில் குத்தும் வலி இருந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்கவும்.

• நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

• வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்துக்கு ஆபத்து.

• வெயிலில் நீருடன் உப்பும் வேண்டும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் தீங்கே.

முதலைக் காத்தால்தான் இலாபம் என்பது நம் தொழில் கற்றுத்தந்த பாடம். இந்த ஆண்டு முடியாவிட்டால் அடுத்த ஆண்டும் போட்டி வரும். முழங்கால் மட்டும் மறுகொள்முதலுக்குக் கிடைக்காது. நிதானமாகப் பயில்வோம், நலமுடன் எல்லைக்கோட்டைத் தொட்டு, மறுநாள் கடையும் திறப்போம்!