உணாவும் ஊரும்

சென்ற ஆண்டு ஒருநாள் தொல்காப்பியப் பொருளதிகாரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். கருப்பொருள்களை எண்ணும் ஆசிரியர், தெய்வத்துக்கு அடுத்த இடத்தை உணாவுக்கு அளிக்கின்றார். குறிஞ்சிக்குத் தினை, முல்லைக்கு வரகு, மருதத்துக்கு நெல் என உரையாசிரியர் விரிப்பர். "நம் யாழ்ப்பாண மண்ணுக்கு உணா யாது?" என மாணாக்கரை வினவினேன். பின்வாங்கில் இருந்த ஒருவன் எழுந்து, "பாண், ஐயா" என்றான். வகுப்பு நகைத்தது. என்னால் நகைக்க இயலவில்லை. அன்று காலை நானும் பாணே உண்டு வந்திருந்தேன்.

பாண் என்பது போர்த்துக்கேயர் வழி வந்த சொல். சொல் இங்கே குடியேறிவிட்டது. கோதுமையோ இன்றும் கப்பலில்தான் வருகின்றது. 2022இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது மாவின் விலை ஏறிற்று. எரிவாயுவின்றி வெதுப்பகங்கள் பல மூடின. அதற்கு முந்திய ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டமையால், நம் வயலில் விளையும் நெல்லும் குன்றியது.

இத்தகைய இடர் எமக்குப் புதியதன்று. 1990களில் பொருளாதாரத் தடையால் வடபகுதிக்குப் பொருள்வரவு அருகியபோது, எங்கள் வீட்டைக் காத்தது பனை. ஆவணியில் விழும் பழத்தின் விதைகளை அன்னையார் பாத்தியிடுவார். மாரிமழையே அதற்கு நீர், உரம் வேண்டியதில்லை. தையில் பாத்தி கிண்டினால் கிழங்கு. பச்சையாய்க் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரிலூறவிட்டுக் கசப்பகற்றிப் பிட்டவிப்பார், கூழ் காய்ச்சுவார். ஓலைப் பிளாவில் அக்கூழை ஏந்துவதை வறுமையின் அடையாளமெனக் கருதி அன்று நாணினேன். இன்று அந்நாணத்தை எண்ணி நாணுகின்றேன். ஏட்டுச்சுவடிகளைப் பேணுக என்று மேடைதோறும் முழங்கிய நான், அன்னையாரின் கைப்பக்குவத்தைக் கேட்டு ஒருவரியேனும் எழுதிவைத்தேனல்லேன். அவரோடு அதுவும் போயிற்று.

பிறநாட்டுணவு யாவும் ஆகாதென்பது என் கருத்தன்று. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. ஆயினும், அவை நம் மண்ணில் வேரூன்றிவிட்டன. ஓருணவு எங்கே பிறந்தது என்பதினும், எங்கே விளைகின்றது என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. வேலி முருங்கையின் இலை பறித்தவுடன் அடுப்பேறுகின்றது. வாடுதற்கு அதற்குப் பொழுதில்லை. குரக்கனிலுள்ள சுண்ணச்சத்து அரிசியிலுள்ளதினும் பன்மடங்கு. அயலில் விளைவதை வாங்கும் பணம் அயலிலுள்ள கமக்காரனின் கைக்கே செல்கின்றது. இவற்றையெல்லாம் அறிந்தும், காலையில் நம் கால்கள் பாண் கடைக்கே நடக்கின்றன.

கடந்த ஆவணியில் மாணாக்கரோடு கல்லூரி மதிலோரம் பனம்பாத்தி இட்டோம். விதை பொறுக்கி வந்தவருள், "பாண், ஐயா" என்றவனே முதல்வன். ஒடியல் மாவின் கசப்பகற்றும் முறையை அவனுடைய அம்மம்மா அறிவாராம். தையில் வந்து காட்ட இசைந்திருக்கின்றார். அன்று அவரே எங்களுக்கு ஆசிரியர். நான் குறிப்பேட்டுடன் மாணாக்கர் வரிசையில் இருப்பேன்.