மனச்சுமையை இறக்கி வைக்க ஒரு துணை

இடம்பெயர்ந்த குடும்பங்கள் இழப்பைக் கணக்கிடும்போது காணி, வீடு, கிணறு, மாடு, விதைநெல் என்று வரிசைப்படுத்துகிறோம். வளரும் பிள்ளையின் மனம் பட்ட காயம் அந்தப் பட்டியலில் சேர்வதில்லை.

இரவில் திடுக்கிட்டு எழும்புதல், காரணமற்ற கோபம், கூட்டாளிகளை விட்டு ஒதுங்குதல், வைத்தியர் நோய் எதுவும் காணாத தலையிடி, வயிற்றுவலி ஆகியவை அக்காயத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். நாமோ அதைத் திமிர் என்கிறோம், சோம்பல் என்கிறோம். இவை வாரக்கணக்கில் நீடித்தால் உளவளத்துணையை நாடுவது நன்று.

உளவளத்துணை என்பது புத்திமதி சொல்வதல்ல. பயிற்சி பெற்ற ஒருவர் பிள்ளையைத் தனியே இருத்தி, குற்றங்காணாது செவிமடுப்பார். பிள்ளை சொன்னதை வெளியே சொல்லமாட்டார். உயிருக்கு ஆபத்து என்றால் உரியவர்களுக்கு அறிவிப்பார்.

ஒரு முறையில், பிள்ளையின் வாழ்க்கையாக ஒரு கயிறு நிலத்தில் விரிக்கப்படும். நல்ல நிகழ்வுக்கு ஒரு பூ, துன்பத்துக்கு ஒரு கல். பின்னர் பிறந்தது முதல் இன்று வரை அமர்வு அமர்வாகக் கதைப்பார்கள். சிதறிக் கிடந்த பயங்கர நினைவு ஒரு கதையாகக் கோக்கப்படும்போது, "அது அன்று நடந்தது, இன்று அது முடிந்துவிட்டது" என்று மனம் உணரத் தொடங்கும்.

2004ஆம் ஆண்டுச் சுனாமியின் பின் எமது வடகிழக்குக் கரையோர முகாமொன்றில், 8 முதல் 14 வயது வரையான 31 பிள்ளைகளுக்கு உதவி வழங்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கு இம்முறை. மற்றவர்களுக்குத் தியானமும் உடல் தளர்த்தும் பயிற்சியும். ஆளுக்கு 6 அமர்வுகள். ஆறு மாதங்களின் பின் முதற் குழுவில் 81 வீதமானோரும் மற்றக் குழுவில் 71 வீதமானோரும் தேறியிருந்தனர்.

பெற்றோர் செய்யக்கூடியவை சில:

• பிள்ளை கதைக்கும்போது குறுக்கிடாதீர்கள். கதைக்க விரும்பாவிடின் வற்புறுத்தாதீர்கள்.

• "மற்றவன் தாங்கவில்லையா?" என்று ஒப்பிடாதீர்கள்.

• பாடசாலையையும் விளையாட்டையும் நிறுத்தாதீர்கள். ஒழுங்கான நாளாந்த வாழ்வும் மருந்தே.

• "சாகப்போகிறேன்" என்ற பேச்சை வெருட்டல் என்று ஒதுக்காதீர்கள். கிருமிநாசினியைப் பூட்டி, திறப்பை உங்களிடம் வைத்திருங்கள். கணப்பொழுது ஆத்திரத்தில் கைக்கெட்டிய போத்தலே எமது கிராமங்களில் பல இளம் உயிர்களைக் கொண்டுபோனது.

அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போக நாம் வெட்கப்படுவதில்லை. மனம் நொந்த பிள்ளையையும் அதே துணிவோடு அழைத்துச் செல்வோம்.