பாறையின் முகமும் அகமும்

“அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்பர் நம் பெரியோர். மனிதருக்கு இது பொருந்தலாம். ஆனால் பாறைக்குப் பொருந்துமா?

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களும் உண்டு. அவை பாறைமீது படும்போது, கனிமங்கள் சில அலைநீளங்களை விழுங்கிவிடும், மற்றவை திரும்பும். கைரேகையைப் போல இது கனிமத்திற்குக் கனிமம் மாறுபடும். வெயிலில் காய்ந்த பாறை தானும் வெப்பக் கதிர்களை வெளியிடும். இவற்றைப் பதிவுசெய்து, தொட்டுப் பாராமலே பாறையின் இனத்தை அறிவதே தொலையுணர்வு. 1999ஆம் ஆண்டு ஏவப்பட்ட டெரா செயற்கைக்கோளில் வைத்த ஆஸ்டர் கருவி, 14 அலைவரிசைகளில் பதிவு செய்யுமாறு அமைக்கப்பட்டது.

ஆயினும் இக்கதிர்கள் காட்டுவது பாறையின் மேல்தோலை மட்டுமே. ஒரு மில்லிமீட்டர் ஆழத்தைக்கூட அவை காட்டுவதில்லை. பாலைவனத்தில் மரமும் புல்லும் மறைப்பதில்லையே, அங்கு எளிதல்லவா என்று நினைக்கலாம். அங்கும் களிமண்ணும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளும் சேர்ந்து, பாறைமீது கறுத்த மெருகாகப் படிகின்றன. தாளினும் மெல்லிய அந்தப் பூச்சே உள்ளிருக்கும் பாறையை வேறொன்றாகக் காட்டிவிடும்.

நம் சேர்வராயன் மலையிலோ கதை வேறு. இதன் அடிப்படைப் பாறை சார்னோக்கைட். புனித தோமையார் நினைவைத் தாங்கும் பரங்கிமலையிலும் இதே இனப் பாறைதான். உடைத்துப் பார்த்தால் கருநீலச் சாம்பல் நிறம். நெடுங்காலம் பெய்த மழை இதிலுள்ள சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, அலுமினியமும் இரும்பும் எஞ்சின. அவ்வாறு மலையுச்சிகளில் உண்டானதே செந்நிறப் பாக்சைட். பாலையில் பாறையை மறைக்கும் சிதைவு, இங்கே தானே செல்வமாகிவிட்டது! பாக்சைட்டில் உள்ள கிப்சைட் என்னும் கனிமம் ஏறத்தாழ 2.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் கதிரை விழுங்குவதால், படத்தில் அதன் இடத்தைக் குறிக்க முடிகிறது. காப்பித் தோட்டங்களும் நிழல் மரங்களும் மூடிய சரிவுகளில் மட்டும் படம் பாறையைக் காட்டாது, இலையையே காட்டும்.

ஏற்காட்டில் வெட்டிய பாக்சைட், மேட்டூரில் 1965இல் நிறுவப்பட்ட அலுமினிய ஆலைக்குச் சென்ற காலம் உண்டு. ஆகவே இது ஏட்டுக் கல்வி மட்டுமன்று. படத்தில் தெரியும் நிறத்தின் அடியில் இருப்பது ஓரங்குலத் தோலா, பல அடித் திண்மையா என்பதைச் செயற்கைக்கோள் சொல்லாது. படத்தை மட்டும் நம்பித் தோண்டினால் மண்ணும் மரமும் வீணாகும்; வெட்டிய மலை மீண்டும் வளராது. அதனால்தான் புவியியலார் இன்றும் சுத்தியலுடன் மலையேறுகின்றனர். கல்லை உடைத்துப் புதுமுகம் காண்கின்றனர். குழி தோண்டி ஆழம் அளக்கின்றனர்.

ஈசாயின் மக்களைப் பார்த்த சாமுவேல் தீர்க்கதரிசியும் முதலில் தோற்றம் கண்டு மயங்கினார் அன்றோ? தோழியரே, வானத்துக் கண் வழிகாட்டட்டும். முடிவு சொல்லுமுன் கல்லின் அகத்தையும் பார்ப்போம்.